திங்கள், புதன், சனி பாடம் இல்லை

கொரோனா காலத்துப் படிப்பைப் பற்றிப் பேச்சு எடுத்தால் எல்லோரும் செல்போனில் ஆரம்பிப்பார்கள். நான் அரிசியில் ஆரம்பிக்கிறவள். சமீபத்தில் ஒரு பயிற்சி வகுப்பில் வேறு மாவட்டத்து ஆசிரியர் ஒருவர், “உங்க பள்ளிக்கூடத்துல ஆன்லைன் கிளாஸ் எப்படிங்க போச்சு?” என்று கேட்டார். “பருப்போட சேர்ந்து போச்சு சார்” என்றேன். கேலி செய்கிறேன் என்று நினைத்து முகத்தைத் திருப்பிக்கொண்டார். விளக்கிச் சொல்ல அங்கே நேரமில்லை, டீ இடைவேளை முடிந்துவிட்டது. அதனால் இங்கே எழுதுகிறேன்.

நான் இடைநிலை ஆசிரியை. பிறந்த ஊர் பரமக்குடிப் பக்கம், முண்டு மிளகாய்க் காடு. வேலைக்கு வந்த பிறகுதான் கடலோடு பழக்கம். பள்ளி, ராமநாதபுரம் மாவட்டத்தில் மண்டபத்துக்கும் தேவிபட்டினத்துக்கும் இடைப்பட்ட வடகடல், அதாவது பாக் நீரிணைக் கரையில் உள்ள ஓர் ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளி. ஊர்ப் பெயர் வேண்டாம். எழுதினால் யார் வீட்டுக் கதை எது என்று நாளைக் காலைக்குள் மீன் கொட்டகையான வாடி முழுக்கத் தெரிந்துவிடும்.

ஊரில் ஆண்களில் பெரும்பாலோர் விசைப்படகில் கூலிக்குப் போகிறவர்கள். சிலருக்குச் சொந்த நாட்டுப்படகு உண்டு. பெண்களுக்கு நண்டு உடைக்கிற வேலை, இல்லாவிட்டால் கடல்பாசி வளர்ப்பு. மூங்கிலைச் சதுரமாகக் கட்டி, குறுக்கே கயிறு ஓட்டி, கயிற்றில் விதைப்பாசியை முடிந்து கடலில் இறக்கினால் 45 நாளில் அறுக்கலாம். அந்த முடிச்சுப் போடுகிற வேலையில் சின்ன விரல்களுக்கு வேகம் அதிகம். பள்ளி திறந்திருக்கும்போதே அந்த விரல்களைப் பிடித்துக் கூட்டிவந்து பென்சில் கொடுப்பதற்குள் எங்களுக்குப் போதும் போதும் என்றாகிவிடும்.

2020 மார்ச் 17 முதல் பள்ளிகளுக்கு விடுமுறை என்று அறிவிப்பு வந்தது. முதலில் அந்த மாதக் கடைசி வரை என்றார்கள். எங்களைப் போன்ற 8ஆம் வகுப்பு வரை உள்ள பள்ளிகளில் பிள்ளைகள் மறுபடி பெஞ்சில் உட்கார்ந்தது 2021 நவம்பர் 1ஆம் தேதி. நடுவில் போனது இருபது மாதத்துக்குக் கொஞ்சம் குறைவு. ஒன்றாம் வகுப்பு முடியும் முன் வீட்டுக்குப் போன குழந்தை மூன்றாம் வகுப்பில் வந்து உட்கார்ந்தது. தேர்ச்சி எல்லோருக்கும் உண்டு, படிப்பு எவ்வளவு என்பது வேறு கணக்கு.

அந்தக் கோடையில் ஊரில் காசு இல்லை. கடலுக்குப் போக வேண்டாம் என்றார்கள். அது முடிந்ததும் ஏப்ரல் 15 வந்துவிட்டது, மீன்பிடித் தடைக்காலம். அந்த ஆண்டு மட்டும் தடைக்காலத்தை 61 நாளிலிருந்து 47 நாளாகக் குறைத்தார்கள். குறைத்து என்ன, பிடித்து வந்தாலும் எடுக்கக் கம்பெனி வண்டி வரவில்லை. ரேஷன் கடையில் கொடுத்த ஆயிரம் ரூபாயும் இலவச அரிசியும்தான் அடுப்பைக் காப்பாற்றியது. இப்படிப்பட்ட வீட்டுக்குள் போய் “பிள்ளைக்கு ஒரு டச் போன் வாங்குங்கள்” என்று எந்த வாயால் சொல்வது? சொன்னவர்களும் இருந்தார்கள். அதை விடுங்கள்.

பள்ளியில் மதியம் சாப்பிடும் பிள்ளைகளின் பங்கை அரிசி பருப்பாக வீட்டுக்கே கொடுத்துவிடுவது என்று முடிவானதும்தான் எங்களுக்கு வழி திறந்தது. தொடக்க வகுப்புக்கு நாளுக்கு 100 கிராம், ஆறிலிருந்து எட்டு வரை 150 கிராம் அரிசி என்பது சத்துணவுக் கணக்கு. 31 நாள் மாதம் என்றால் சின்னப் பிள்ளைக்கு 3 கிலோ 100, பெரிய பிள்ளைக்கு 4 கிலோ 650. கூடவே பருப்பு. பிறகு மாதத்துக்கு 10 முட்டையும் சேர்ந்தது. மூன்று பிள்ளைகள் படிக்கிற வீட்டுக்கு இது சின்ன விஷயம் இல்லை.

எங்கள் சத்துணவு அமைப்பாளர் அக்காவைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். கறாரான ஆள். தராசு முள் நடுவில் நிற்கும் வரை பையைக் கொடுக்க மாட்டார், ஒரு பிடி கூடினாலும் திருப்பி எடுப்பார். “இன்னைக்கு உனக்குக் கூடப் போட்டா நாளைக்கு எவளுக்குக் குறையும்?” என்பார். ஊருக்கு அவர் மேல் கோபமும் உண்டு, முழு நம்பிக்கையும் உண்டு. அவர்தான் முதல் நாளே கேட்டார்: “டீச்சர், எல்லாத் தாய்க்காரியும் இன்னைக்கு எங்கிட்ட வரப்போறா. நீங்க எதுக்கு உள்ளுக்க உக்காந்துகிட்டு? மேசையத் தூக்கி இங்கிட்டுப் போடுங்க.”

தராசுக்குப் பக்கத்திலேயே மேசை போட்டோம். இலவசப் பாடநூல்கள் வந்து இறங்கியிருந்தன. பூவரசு நிழலில் சுண்ணாம்பு வட்டங்கள். அரிசி வாங்கி நகர்ந்தால் அடுத்து எங்கள் மேசை, புத்தகம், ஒரு கையெழுத்து, இரண்டு மூன்று கேள்விகள். வீட்டில் யாரிடம் போன் இருக்கிறது, எப்போது இருக்கும், டிவி ஓடுகிறதா, பிள்ளை இப்போது எங்கே. கடைசிக் கேள்வியைச் சாதாரணமாகக் கேட்பது போலக் கேட்க வேண்டும். “அம்மாச்சி வீட்டுல” என்ற பதில் வந்தால் உஷாராகிவிடுவேன். பல நேரம் அந்த அம்மாச்சி வீடு ஒரு நண்டுக் கம்பெனியாகவோ கரிமூட்டமாகவோ இருக்கும்.

பிள்ளைகளைக் கூட்டிவரக் கூடாது என்பது உத்தரவு. கூட்டிவராமல் எந்த அம்மா வருவாள்? அம்மாவின் சேலைக்குப் பின்னால் நின்று எட்டிப் பார்க்கும். ஒருமுறை இரண்டாம் வகுப்புப் பையன் ஒருவனிடம் “என்னடா வாசிச்ச இத்தனை நாளா?” என்றேன். அவன் பதில் சொல்லாமல் அரிசி மூட்டையில் அச்சடித்திருந்ததை விரல் வைத்து “நு... கர்... பொ... ருள்...” என்று கூட்டிப் படித்தான். வாணிபக் கழகம் வரைக்கும் போய்விட்டான். அக்கா தராசை நிறுத்திவிட்டுக் கேட்டார். அன்றைக்கு அந்தப் பையனுக்கு மட்டும் முள் கொஞ்சம் சாய்ந்ததாக எனக்குச் சந்தேகம்.

அதன் பிறகு அந்த மூட்டையே எங்கள் வாசிப்புத் தேர்வாகிவிட்டது. மாதம் ஒருமுறை, அரிசி நாளில், ஒவ்வொரு பிள்ளையும் எங்கே நிற்கிறது என்று ஒரு நோட்டில் குறித்துக்கொண்டோம். போன மாதம் கொடுத்த பயிற்சித்தாளை வாங்கிக்கொண்டு புதியதைக் கொடுப்போம். பருப்புக் கறை படிந்த தாளும் வரும், மீன் செதில் ஒட்டிய தாளும் வரும். எழுதாத தாளும் வரும், அதையும் வாங்கிக்கொள்வோம். எழுதவில்லை என்று திட்டினால் அடுத்த மாதம் அந்த அம்மா, பக்கத்து வீட்டுக்காரியிடம் பையைக் கொடுத்தனுப்பிவிடுவாள். பிள்ளை கையை விட்டுப் போய்விடும்.

மாவட்டத்தில் எங்கெங்கே எப்படி நடந்ததோ, எங்கள் பள்ளியில் ‘ஆன்லைன்’ என்பதன் முதுகெலும்பு இந்த வரிசைதான். வரிசையில் நிற்க வந்த தாய்க்கு அங்கே ஒரு வேலை ஏற்கனவே இருந்தது. பாடம் அதன் கூடவே ஒட்டிக்கொண்டு போனது.

சரி, போனுக்கு வருவோம்.

முதல் கணக்கெடுப்பில் நன்றாகவே இருந்தது. பாதிக்கு மேல் வீடுகளில் டச் போன் இருக்கிறது என்று பதில். வாட்ஸ்அப் குழு ஆரம்பித்தோம். காலை 10 மணிக்குப் பாடம் போடு, 12 மணிக்குள் பதில் வாங்கு, மாலைக்குள் எத்தனை பேர் பார்த்தார்கள் என்று அறிக்கை அனுப்பு என்று மேலே இருந்து சொன்னார்கள். திங்கட்கிழமை போட்டேன். யாரும் பார்க்கவில்லை. புதன்கிழமையும் அப்படித்தான். வெள்ளிக்கிழமை பார்த்தால் எல்லாவற்றுக்கும் நீலக் குறி. அடுத்த அரிசி நாளில் ஒரு அம்மாவிடம் கேட்டேன்.

“போன் இருக்குன்னு சொன்னீங்களே?”

“இருக்கு டீச்சர். கடலுக்குப் போயிருக்கு.”

வரிசையில் எல்லோரும் சிரித்தார்கள், எனக்கும் சிரிப்பு வந்தது. “எப்ப வரும்?”

“நாளைக்கு விடியத் திரும்புவாக. மீன்பாடு நல்லா இருந்தா சார்ஜ் இருக்காது. கரைக்குக் கிட்ட வந்ததும் எல்லாத்துக்கும் போன் போட்டுச் சொல்லிருவாக.”

பாக் நீரிணையில் விசைப்படகுக்கும் நாட்டுப்படகுக்கும் நாள் பிரித்து வைத்திருக்கிறார்கள். திங்கள், புதன், சனி விசைப்படகு. மற்ற நாலு நாள் நாட்டுப்படகு. விசைப்படகு காலையில் டோக்கன் வாங்கிக் கிளம்பினால் மறுநாள் காலைதான் கரை. அப்பா போகும்போது போனை பாலிதீன் பையில் சுற்றி எடுத்துக்கொண்டு போவார். வீட்டில் இருக்கிற ஒரே டச் போன் அதுதான். ஆக, விசைப்படகு வீட்டுக்கு திங்கள், புதன், சனி பாடம் போட்டால் அது நடுக்கடலுக்குப் போய்ச் சேரும். செவ்வாய், வியாழன் மத்தியானத்துக்கு மேல், வெள்ளி முழுக்க, ஞாயிறு சாயங்காலம், இவைதான் போன் வீட்டில் இருக்கிற நேரம். நாட்டுப்படகு வீடுகளுக்கு இது தலைகீழ். வாடைக் காற்று தொடங்கி வடகடல் கொந்தளித்தால் நாட்டுப்படகுகளைத் தென்கடலுக்கு, மன்னார் வளைகுடாப் பக்கம், கொண்டுபோய்விடுவார்கள். அப்போது அப்பாவும் போனும் சேர்ந்து சில நாள் அங்கேயே தங்கல்.

மிளகாய்க் காட்டுக்காரி நான், காற்றைப் பார்த்துப் பாடவேளை போடக் கற்றுக்கொண்டது இப்படித்தான். குழுவை இரண்டாகப் பிரித்தோம். ஒன்றுக்கு ‘வி.ப.’ என்று பெயர், மற்றதற்கு ‘நா.ப.’ ஆய்வுக்கு வந்த அலுவலர் ஒருவர் “இது என்ன பிரிவும்மா, ஏ பி மாதிரியா?” என்று கேட்டார். விசைப்படகு, நாட்டுப்படகு என்று சொன்னதும் சிரித்தார். சிரித்துவிட்டு, தினசரி அறிக்கை மட்டும் எல்லாப் பள்ளியும் ஒரே மாதிரிதான் அனுப்ப வேண்டும் என்றார். திங்கள், புதன், சனியில் எங்கள் பள்ளியின் கட்டத்தில் பூஜ்யத்தை ஒட்டிய எண்ணே விழுந்துகொண்டிருந்தது. விளக்கம் கேட்டு வந்த அழைப்புகளுக்கு எங்கள் தலைமையாசிரியர் ஒரே பதிலைச் சலிக்காமல் சொல்வார்: “படகு கரைக்கு வரட்டும் சார்.” கடைசியில் வட்டார வள மையத்து ஆசிரியர் பயிற்றுநர் ஒருவர்தான் எங்கள் நிலைமையை எழுதிக் கொடுத்து, வாரக் கணக்காக மாற்றி வாங்கித் தந்தார். எத்தனையோ சுற்றறிக்கை செய்யாத உதவி அது.

வீடியோ சரிப்படவில்லை. ரீசார்ஜ் தீர்ந்துவிடும். நான் குரல் பதிவாகப் போட ஆரம்பித்தேன். இரண்டு நிமிடம், மூன்று நிமிடம். ஒரு கதை, ஒரு கேள்வி, இல்லாவிட்டால் வாய்ப்பாடு. பாசி முடிகிற இடத்தில் போனை நடுவில் வைத்துவிட்டு அம்மாவும் பிள்ளைகளும் கேட்பார்களாம். ஒருநாள் ஏழாம் வாய்ப்பாட்டைப் போட்டேன். பிள்ளை கேட்பதற்குள் அப்பா கடலுக்குக் கிளம்பிவிட்டார். பதிவிறங்கிக் கிடந்த பாடத்தை அந்தப் படகில் இருந்தவர்கள் ராத்திரி கேட்டிருக்கிறார்கள். வலை இழுத்துவிட்டு உட்கார்ந்த நேரம். மறுநாள் அந்த அப்பா கூப்பிட்டார். “டீச்சர், ஏழெட்டு அம்பத்தாறுன்னு நீங்க சொன்னது சரிதானாம். எங்க டிரைவரு அம்பத்தி நாலுன்னு சண்டை போட்டாரு. பந்தயத்துல அவருக்கு ஒரு டீ நஷ்டம்.” எனக்கு அந்த ஆண்டு கிடைத்த பாராட்டுகளில் இதைத்தான் பெரிதாக வைத்திருக்கிறேன்.

கல்வித் தொலைக்காட்சி பற்றிக் கேட்பீர்கள். அது கொரோனாவுக்கென்று வந்தது இல்லை. 2019 ஆகஸ்ட் 26ஆம் தேதியே தொடங்கிவிட்டார்கள், சென்னையில் அண்ணா நூற்றாண்டு நூலகக் கட்டடத்தில் படப்பிடிப்பு. 2020 ஜூலையிலிருந்து அதுவே வகுப்பறை ஆனது. அரசு கேபிளில் 200ஆம் எண். பாடங்கள் நன்றாகவே இருந்தன, ஆசிரியர்கள் உழைத்திருந்தார்கள், குறை சொல்ல எனக்கு மனம் வராது. எங்கள் கரையில் அதற்கு வந்த தொல்லைகள் வேறு. உப்புக் காற்றில் கேபிள் முனை துருப்பிடித்துப் படம் புள்ளி புள்ளியாக வரும். மாதக் கட்டணம் கட்டாத வீடுகளில் இணைப்பு நின்றிருக்கும். எங்கள் ஊர் கேபிள்காரத் தம்பி, படிக்கிற பிள்ளை இருக்கிற வீட்டுக்கு இணைப்பை வெட்டுவதில்லை என்று முடிவெடுத்தான். யாரும் அவனைக் கேட்டுக்கொள்ளவில்லை. “பாக்கி எங்க போயிரும்” என்றான். பாக்கி முழுதாக வந்ததா என்று நான் கேட்கவில்லை.

மூன்றாம் வகுப்பு நேரத்தில் தவறாமல் டிவி முன்னால் உட்கார்ந்தது ஒரு பாட்டி. பேத்தி கொல்லையில் விளையாடிக்கொண்டிருக்கும். பாட்டிதான் பாடத்தை முழுக்கப் பார்த்து, ராத்திரி சோறு ஊட்டும்போது பேத்திக்குச் சொல்லும். தாவரத்தின் பாகங்களைப் பாட்டி எனக்கே ஒப்பித்துக் காட்டியது, வேர் தண்டு இலை பூ என்று வரிசை பிசகாமல். “மாத்தி மாத்திச் சொல்றானுகளே தவிர, நாம கேட்டா நிக்க மாட்டேங்குறானுக டீச்சர்” என்று மட்டும் ஒரு வருத்தம். அந்த வருத்தம் எனக்கும் உண்டு. டிவியில் பார்த்ததில் ஒரு விஷயத்தை அரிசி நாளன்று வந்து எனக்குச் சொல்ல வேண்டும் என்று பிள்ளைகளுக்கு வேலை வைத்த பிறகுதான் 200ஆம் எண்ணுக்கு ஊரில் கொஞ்சம் மவுசு வந்தது.

மேல்நிலை வகுப்புகளுக்கு இன்னொரு ஏற்பாடு இருந்தது. பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் அரசு கொடுத்த மடிக்கணினியைப் பள்ளி ஹைடெக் லேபுக்கு எடுத்துப் போனால் பாடங்களை ஏற்றிக் கொடுத்தார்கள். அண்ணனோ அக்காவோ பிளஸ் டூ படிக்கிற வீட்டில் எங்கள் சின்னப் பிள்ளைகளுக்கும் அதிர்ஷ்டம். அந்த மடிக்கணினி கடலுக்குப் போகாதே.

குறை மட்டும் சொன்னால் நியாயம் இல்லை. எங்கள் ஊரில் மூளை முடக்குவாதம் உள்ள ஒரு பெண் குழந்தை இருக்கிறாள். வீட்டுவழிப் பயிற்சியில் பெயர் பதிந்தவள். ஊரடங்கு கொஞ்சம் தளர்ந்ததுமே வட்டார வள மையத்துச் சிறப்புப் பயிற்றுநர் முகக்கவசம் போட்டுக்கொண்டு வண்டியில் வந்துவிட்டார். பிள்ளையின் கைகால்களை எப்படி நீட்டி மடக்க வேண்டும் என்று அம்மாவுக்குக் காட்டிக் கொடுத்து, அடுத்த முறை வந்து அம்மாவைச் செய்யச் சொல்லிப் பார்ப்பார். அங்கே பாடம் படித்தது அம்மாதான். அந்தப் பயிற்றுநர் தொகுப்பூதியத்தில் வேலை பார்க்கிறவர், பெட்ரோல் காசு கைக்கு வரும் வரை சொந்தக் காசு. எந்தக் கூகுள் படிவத்திலும் இதற்கு ஒரு கட்டம் நான் பார்க்கவில்லை.

கூகுள் படிவம் என்றதும் ஞாபகம் வருகிறது. எங்கள் பள்ளியின் கழிப்பறை எத்தனை என்று அந்த இருபது மாதத்தில் மட்டும் எத்தனை முறை எழுதியிருப்போம்! ஒன்று கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

2020 டிசம்பர் முதல் வாரம் புரெவிப் புயல். இலங்கையைக் கடந்து பாம்பன் பக்கம் வந்து, வலுக்குறைந்து, மன்னார் வளைகுடாவில் நகராமல் நின்றுகொண்டது. மழை என்றால் அப்படி ஒரு மழை. கரையோரக் குடிசைக்காரர்களைக் கொண்டுவந்து எங்கள் பள்ளியில்தான் தங்க வைத்தார்கள். பாடம் நடத்தத் திறக்கக் கூடாத வகுப்பறை, புயலுக்குத் திறந்தது. தலைமையாசிரியர் சாவியோடு போனார், நானும் போனேன். பாய், பாத்திரம், ஆட்டுக்குட்டி, கைக்குழந்தை எல்லாம் உள்ளே. பிள்ளைகள் மட்டும் அவரவர் வகுப்பைத் தேடிப் போய் அவரவர் இடத்தில் உட்கார்ந்தன. யாரும் சொல்லவில்லை. ஐந்தாம் வகுப்புப் பெண் ஒருத்தி “டீச்சர், வருகை எடுக்கலையா?” என்றாள்.

எடுத்தேன். கரும்பலகையில் தேதி போட்டேன். மின்சாரம் இல்லை, எமர்ஜென்சி விளக்கு ஒன்றுதான். பெரியவர்களும் பின்னால் உட்கார்ந்துகொண்டார்கள். புயல் எப்படிச் சுழல்கிறது என்று பாடம். வெளியே அதன் சத்தம் கேட்டுக்கொண்டிருந்ததால் படம் தேவைப்படவில்லை. காற்று எந்தத் திசையிலிருந்து எந்தத் திசைக்கு மாறும் என்று நான் தப்பில்லாமல் சொல்கிறேனா என்று கிழவர்கள் காது கொடுத்துக் கேட்டார்கள். ஒருவர் எழுந்து வந்து என் கையில் இருந்த சுண்ணாம்புக்கட்டியை வாங்கி, 1964இல் தனுஷ்கோடியில் தண்ணீர் எங்கிருந்து ஏறியது என்று அவர் அப்பா சொன்னதை வரைந்து காட்டினார். சமூக இடைவெளி விதி அந்த அறையில் இருந்ததா என்று கேட்காதீர்கள்.

எட்டாம் வகுப்பில் ஒரு பையன். கணக்கில் கெட்டி. 2021இல் இரண்டாம் அலை வந்து எல்லாம் மறுபடி மூடியபோது அவன் பயிற்சித்தாள் வருவது நின்றது. அரிசி வாங்க அவன் அத்தைதான் வந்தாள். “அம்மாச்சி வீட்டுல” என்றாள். எனக்குப் புரிந்துவிட்டது. தலைமையாசிரியரும் பள்ளி மேலாண்மைக் குழுத் தலைவியும் விசாரித்ததில் அவன் வேறு கரையில் ஒரு நாட்டுப்படகில் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தான். வீட்டில் கடன். குழந்தைகள் உதவி எண் 1098க்குச் சொல்லலாமா என்று பேசினோம். அப்பாவோடு ஒருமுறை பேசிப் பார்க்கலாம் என்று தலைவி சொன்னார், அவருக்கு அந்த வீட்டோடு உறவுமுறையும் உண்டு. போய் வாசலில் உட்கார்ந்துகொண்டார். “மச்சான், அவன் கையில வலையைக் குடுத்துட்ட. இனி அந்தக் கைக்கு வேற ஒண்ணும் பழகாது. நீ படிக்காமப் போன கதையை என்கிட்டச் சொல்லி அழுதது மறந்து போச்சா?” என்றார். நான் ஒரு வார்த்தையும் பேசவில்லை. என் பேச்சில் சட்டம் இருந்திருக்கும், அது அந்த வாசலில் எடுபட்டிருக்காது.

பையன் திரும்பி வந்தான். ஒன்பதாம் வகுப்புக்குப் பக்கத்து ஊர் உயர்நிலைப் பள்ளியில் சேர்ந்தான். அவனோடு போன இன்னும் இரண்டு பேர் திரும்பவில்லை. இன்றைக்கும் கரையில் பார்த்தால் “வணக்கம் டீச்சர்” என்று சொல்லிவிட்டு வேகமாக நடந்துவிடுவார்கள்.

பள்ளி திறந்த அன்று மூன்றாம் வகுப்பில் நான் பார்த்ததை எழுதினால் நீளும். புத்தகம் மூன்றாம் வகுப்புக்கு, பிள்ளைகளில் பலர் இன்னும் உயிர்மெய் எழுத்தில். புத்தாக்கப் பயிற்சி என்று ஒரு கட்டகம் கொடுத்திருந்தார்கள், பழைய பாடத்தைத் தொட்டுவிட்டுப் புதியதற்குப் போக. நல்ல யோசனை. எங்களுக்கு அதற்கும் கீழே போக வேண்டியிருந்தது. அரிசி நாள் நோட்டு அப்போது கைகொடுத்தது. யார் எந்த எழுத்தில் நிற்கிறார்கள் என்று அதில் மாதவாரியாக இருந்ததால் முதல் நாளே பிள்ளைகளைக் குழுவாகப் பிரித்துவிட்டோம்.

இல்லம் தேடிக் கல்வி என்ற மாலை வகுப்புத் திட்டம் 2021 அக்டோபர் 27ஆம் தேதி விழுப்புரம் மாவட்டத்தில் தொடங்கியது. முதலில் 12 மாவட்டங்கள், பிறகு எல்லா மாவட்டமும், அந்த வரிசையில் நாங்களும். தன்னார்வலர் ஒருவருக்குச் சுமார் 20 பிள்ளைகள், மாலை 5 மணியிலிருந்து 7 மணிக்குள், மாதம் ஆயிரம் ரூபாய். எங்கள் ஊரில் பதிவு செய்தவர்கள் எல்லோரும் பெண்கள். அதில் ஒருத்தி என்னிடமே நாலாம் வகுப்பு படித்தவள், அப்போது பி.எஸ்சி. முடித்துவிட்டு நண்டு உடைத்துக்கொண்டிருந்தாள். மாதம் ஆயிரம் என்பது அவளுக்கு நண்டுக் கம்பெனியில் சில நாளிலேயே கிடைக்கிற காசு. இருந்தும் வந்தாள்.

வகுப்பு ஒரு காலி வாடியில். கருவாட்டு வாடை போகவே போகாது. பிள்ளைகளுக்கு அது ஒரு பொருட்டில்லை, பார்வையிட வந்தவர்களுக்குத்தான் கைக்குட்டை தேவைப்பட்டது. அவளுக்கு நான் எதுவும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. முதல் வாரமே விசைப்படகு வீட்டுப் பிள்ளைகள் செவ்வாய், வியாழன் சாயங்காலம் நேரங்கழித்து வருவதைக் கவனித்தாள். பாடு வந்து இறங்கிய நாளில் வீட்டில் மீன் பிரிக்கிற வேலை இருக்கும். அந்த நாளில் கதையும் விளையாட்டும், மற்ற நாளில் எழுத்தும் கணக்கும் என்று அவளாகவே மாற்றிக்கொண்டாள்.

இப்போதெல்லாம் அடைமழை விடுமுறை விட்டால் குழுவில் பாடம் போடச் சொல்லிச் செய்தி வருகிறது. போடுகிறேன். ‘வி.ப.’, ‘நா.ப.’ இரண்டும் இன்னும் இருக்கின்றன, பெயர் மாற்றவில்லை. புதிதாக வந்த இளம் ஆசிரியர் இது என்ன என்று கேட்டபோது அக்காதான் தராசைத் துடைத்துக்கொண்டே விளக்கம் சொன்னார். என்னைவிட நன்றாகச் சொன்னார்.

வாடியில் வகுப்பு எடுத்த அந்தப் பெண் அதற்குப் பிறகு பி.எட். முடித்தாள். ஆசிரியர் தகுதித் தேர்வு எழுதிவிட்டுக் காத்திருக்கிறாள். நேற்று கடைத்தெருவில் பார்த்தபோதும் கேட்டாள், ரிசல்ட் எப்போது வரும் டீச்சர் என்று. விசைப்படகு எந்த நாளில் கரைக்கு வரும் என்று கேட்டால் சொல்லியிருப்பேன்.